வசனம் இல்லாத படத்தை எழுதியவர்: கனெட்டோ ஷிண்டோ

உலக சினிமா பார்க்கிற நண்பர்களிடம் ஜப்பானிய இயக்குநர் கனெட்டோ ஷிண்டோ என்று சொன்னால் உடனே இரண்டு படங்கள்தான் பேச்சில் வரும். ஒன்று 'தி நேக்கட் ஐலேண்ட்', இன்னொன்று 'ஓனிபாபா'. முதல் படத்தில் ஒன்றரை மணி நேரம் யாரும் வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசுவதில்லை. இரண்டாவதில் ஆளை மறைக்கும் உயரத்துக்கு நாணல் வளர்ந்து கிடக்கிறது, காற்று அடிக்கிறது, மனிதர்கள் அதற்குள் ஓடுகிறார்கள். இந்த இரண்டை மட்டும் பார்த்தவர்கள், இவர் கேமராவால் யோசிக்கிற ஆள், எழுத்தைப் பெரிதாக நம்பாதவர் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. ஷிண்டோ முதலில் எழுத்தாளர், கடைசியிலும் எழுத்தாளர்தான். 200க்கும் அதிகமான திரைக்கதைகள் எழுதியிருக்கிறார், அதில் அவரே இயக்கியவை ஐம்பதுக்குச் சற்றுக் குறைவு, மற்றதெல்லாம் பிறருக்கு எழுதிக் கொடுத்தவை. வசனமே இல்லாத அந்தப் படம் ஏன் அப்படி நெஞ்சில் நிற்கிறது என்பதற்கும் காரணம் அவருடைய எழுத்துதான். அதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்லப் போகிறேன்.

1912 ஏப்ரலில் ஹிரோஷிமா மாகாணத்தில் பிறந்தார். நிலபுலன் உள்ள வசதியான குடும்பம். அப்பா யாருடைய கடனுக்கோ ஜாமீன் நின்றார், கடன் வாங்கியவர் கைவிரிக்க, குடும்பமே திவாலானது. நிலம் போனது, வீடு போனது, பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கமாகப் பிழைக்கப் போனார்கள், அம்மா கூலிக்கு வயல் வேலை செய்தார். கடைசிப் பிள்ளையான ஷிண்டோ இதையெல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்தவர். அம்மாவும் சீக்கிரமே இறந்துவிட்டார். அவருடைய படங்களில் குனிந்து மண்ணைக் கொத்திக்கொண்டே இருக்கும் பெண்கள் ஏன் இத்தனை பேர் என்று கேட்டால் பதில் இங்கேதான் இருக்கிறது. எழுபது வயதைத் தாண்டிய பிறகும் அந்த அம்மாவை நினைத்து ஒரு முழுப் படம் எடுத்தார்.

1933இல் ஓனோமிச்சி என்ற கடலோர ஊரில் அண்ணன் வீட்டில் இருந்தபோது யமானாகா சடாவோ இயக்கிய ஒரு படத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு, இனி சினிமாதான் என்று தீர்மானித்துவிட்டார். ஆனால் கையில் காசு இல்லை. ஒரு சைக்கிள் கடையில் வேலைக்குச் சேர்ந்து, சம்பளத்தை மிச்சம் பிடித்து, மறு வருடம் கியோட்டோவுக்குக் கிளம்பினார். ஷின்கோ கினிமா என்ற ஸ்டுடியோவில் இடம் கிடைத்தது. இயக்குநர் பக்கத்தில் நிற்கிற வேலை எல்லாம் இல்லை, பிலிம் கழுவும் லேபில் ஈரமான பிலிமைக் காய வைக்கிற வேலை.

அந்த லேபில் நடந்த ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அதுவரை சினிமா என்றால் முதலில் காகிதத்தில் எழுதப்படுகிறது என்பதே அவருக்குத் தெரியாது. கழிப்பறையில் துடைப்பதற்காகப் பழைய காகிதக் கட்டுகளைப் போட்டு வைத்திருந்தார்கள். எடுத்துப் பார்த்தால், படம் எடுத்து முடித்து இனி யாருக்கும் தேவைப்படாத திரைக்கதைப் பிரதிகள். காட்சிக்குக் காட்சி எண் போட்டு, யார் எங்கே நிற்கிறார்கள், என்ன செய்கிறார்கள், என்ன பேசுகிறார்கள் என்று எழுதியிருக்கிறது. அந்தத் தாள்களை வீட்டுக்கு எடுத்துப் போய் உட்கார்ந்து படித்திருக்கிறார். அவருடைய முதல் பாடப்புத்தகம் அதுதான். பகலில் அந்த ஸ்டுடியோவின் பிலிமைக் காய வைத்துக்கொண்டிருந்தவர், இரவில் அதே ஸ்டுடியோ தூக்கிப் போட்ட எழுத்திலிருந்து தொழிலைக் கற்றுக்கொண்டிருந்தார்.

பிறகு கலை இயக்கப் பிரிவுக்கு மாறினார், டோக்கியோவுக்குப் போனார், அப்படியே இயக்குநர் மிசோகுச்சி கென்ஜியின் வட்டத்துக்குள் வந்தார். மிசோகுச்சி அப்போதே பெரிய ஆள். போர்க்காலத்தில் அவர் எடுத்த பிரம்மாண்டமான 'நாற்பத்தேழு ரோனின்' படத்தில் அரங்குக் கட்டுமானப் பொறுப்பில் ஷிண்டோ வேலை செய்தார். சரி, இவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டோமே என்று தான் எழுதிய ஒரு திரைக்கதையை அவரிடம் படிக்கக் கொடுத்தார். மிசோகுச்சி படித்துவிட்டு, இது திரைக்கதையே இல்லை, வெறும் கதை என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். எழுத வேண்டும் என்ற ஒரே ஆசையில் வருடக்கணக்காக ஸ்டுடியோக்களில் கிடந்த மனிதனுக்கு இது எப்படி இருந்திருக்கும்?

அப்போது அவரோடு இருந்தவர் குஜி டகாகோ. படப்பிடிப்பில் ஒவ்வொரு ஷாட்டின் தொடர்ச்சியையும் குறிப்பெடுக்கும் ஸ்கிரிப்ட் பெண்ணாக வேலை செய்தவர். முறைப்படி பதிவு செய்யாத திருமணம். எழுதுவதை விட்டுவிடாதே என்று பிடித்து நிறுத்தியவர் அவர்தான். ஷிண்டோ உலக நாடகங்களைத் தொகுதி தொகுதியாக வாசிக்க ஆரம்பித்தார். ஒரு மனிதன் மேடைக்குள் எப்போது வர வேண்டும், எதைத் தெரிந்துகொண்டு வெளியே போக வேண்டும் என்பதையெல்லாம் அப்படித்தான் கற்றார். அவர் ஒரு நல்ல எழுத்தாளராக மாறுவதற்குள் டகாகோவுக்குக் காசநோய் முற்றிவிட்டது. 1943இல் இறந்துபோனார்.

1944இல் ஷிண்டோவைக் கடற்படைக்கு அழைத்துக்கொண்டார்கள். வயது முப்பதைத் தாண்டியவர்கள் நூறு பேர் கொண்ட ஒரு குழு. துப்புரவு வேலை. அந்த வேலை முடிந்ததும் யார் எந்த முனைக்குப் போக வேண்டும் என்பதை மேலதிகாரிகள் சீட்டுக் குலுக்கி முடிவு செய்தார்கள். பெரும்பகுதியினர் பிலிப்பைன்ஸ் பக்கம் அனுப்பப்பட்டார்கள், இன்னும் சிலர் நீர்மூழ்கிக் கப்பலுக்கு. போர் முடிந்தபோது நூறு பேரில் உயிரோடு இருந்தவர்கள் ஆறு பேர். ஷிண்டோ அந்த ஆறு பேரில் ஒருவர். அவர் வேறொரு ஊரில் தரையைப் பெருக்கிக்கொண்டிருந்த அந்த நாட்களில் அவர் பிறந்த மாகாணத்தின் தலைநகரில் அணுகுண்டு விழுந்தது. இதை அவர் ஆறு பத்தாண்டுகளுக்கு மேல் சுமந்துகொண்டிருந்தார். அந்தச் சீட்டுக் குலுக்கல் கதைக்குக் கடைசியில் வருகிறேன்.

போருக்குப் பிறகு ஷோச்சிகு ஸ்டுடியோவில் அவருக்கு நேரம் கூடிவந்தது. யோஷிமுரா கோசாபுரோ இயக்கத்தில் இவர் எழுதிய 'ஆஞ்சோ வீட்டு நடனவிருந்து' 1947இன் சிறந்த ஜப்பானியப் படமாக கினிமா ஜும்போ பத்திரிகையின் பட்டியலில் முதலிடம் பிடித்தது. செகாவின் 'செர்ரிப் பழத்தோட்டம்' நாடகத்தின் சாயல் அதில் பளிச்சென்று தெரியும். நாடகத் தொகுதிகளை வாசித்த வாசிப்பு வீண் போகவில்லை. சொத்தை இழக்கும் குடும்பத்தின் கடைசி விருந்து என்பது அவருக்குப் புத்தகத்தில் படித்த விஷயம் மட்டும் இல்லையே, வீட்டிலேயே பார்த்தது. இயக்குநர் கினோஷிடா கெய்சுகேவுக்கு எழுதினார், ஒரு காலத்தில் தன்னைத் தட்டிக் கழித்த மிசோகுச்சிக்கே எழுதினார். ஆனால் ஷோச்சிகு நிர்வாகத்துக்கு இவருடைய கதைகள் ரொம்ப இருட்டாகத் தெரிந்தன. குடும்பத்தோடு வந்து சிரித்துவிட்டுப் போகிற படம் வேண்டும் என்றார்கள். 1950இல் யோஷிமுராவும் ஷிண்டோவும் நடிகர் டோனோயாமா டைஜி உள்ளிட்ட சிலரும் வெளியே வந்து 'கிண்டாய் எய்கா கியோகாய்' என்ற சொந்த நிறுவனத்தை ஆரம்பித்தார்கள்.

பெரிய ஸ்டுடியோக்கள் தயாரிப்பையும் திரையரங்குகளையும் சேர்த்துக் கையில் வைத்திருந்த காலம் அது. அதற்கு வெளியே நின்று ஒரு கம்பெனி பிழைப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. ஷிண்டோ கண்டுபிடித்த வழி எளிமையானது: பெரிய ஸ்டுடியோக்களுக்குத் திரைக்கதை எழுதிக் கொடுப்பது, அந்த வருமானத்தில் காலம் தள்ளிக்கொண்டே தான் எடுக்க நினைத்த படத்தைத் தன் கம்பெனியில் எடுப்பது. இதை அவர் பத்திருபது வருடம் இல்லை, கிட்டத்தட்ட சாகும் வரை செய்தார். மசுமுரா யசுசோவுக்கு 'மான்ஜி', 'இரெசுமி' எழுதியவர் இவர். சுசுகி செய்ஜுனின் 'ஃபைட்டிங் எலெஜி' இவர் எழுதிய திரைக்கதை. ஃபுகாசாகு கின்ஜியின் போர் எதிர்ப்புப் படமான 'அண்டர் தி ஃப்ளாக் ஆஃப் தி ரைசிங் சன்' படத்தின் எழுத்திலும் இவருக்குப் பங்கு உண்டு. இறந்துபோன எஜமானனுக்காக ரயில் நிலையத்தில் காத்துக்கிடக்கும் நாயின் கதையை ரிச்சர்ட் கியர் நடித்த அமெரிக்கப் படமாக நிறையப் பேர் பார்த்து அழுதிருப்பீர்கள். அதன் மூலமான 1987இன் ஜப்பானியப் படம் 'ஹாச்சிகோ மோனோகடாரி', அதற்குத் திரைக்கதை ஷிண்டோ. பெயர் தெரியாமலே இவருடைய எழுத்தைப் பார்த்து அழுதவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள்.

இயக்குநராக முதல் படம் 1951இல். எதைப் பற்றி என்று ஊகிக்க முடியும். 'ஸ்டோரி ஆஃப் எ பிலவ்ட் வைஃப்'. எழுதத் தெரியாத ஓர் இளம் திரைக்கதாசிரியன், அவனை நம்பிய மனைவி, தலையில் அடித்தாற்போலத் தீர்ப்பு சொல்லும் பெரிய இயக்குநர், காசநோய். டகாகோவின் வேடத்தில் நடிக்க வந்தவர் ஒடோவா நொபுகோ. பெண்கள் மட்டுமே நடிக்கும் டகராசுகா இசைநாடக மேடையிலிருந்து சினிமாவுக்கு வந்த நட்சத்திரம், கன்னக்குழியை 'மில்லியன் டாலர் குழி' என்று விளம்பரப்படுத்தி டாய்எய் ஸ்டுடியோ அவரை விற்றுக்கொண்டிருந்தது. அழகுப் பதுமையாக இருக்கப் பிடிக்காமல் அந்த ஒப்பந்தத்தை உதறிவிட்டு, சம்பளம் வருமா வராதா என்று தெரியாத ஷிண்டோவின் கம்பெனிக்கு வந்து சேர்ந்தார். அடுத்த நாற்பது வருடம் அவருடைய படங்களின் மைய முகம் இவர்தான். ஷிண்டோவுக்கு அப்போது வேறொரு மனைவி இருந்தார், ஒடோவாவுடனான உறவு இருபத்தைந்து வருடத்துக்கு மேல் அப்படியே நீடித்து, அந்தத் திருமணம் முறிந்து, அப்புறம்தான் 1970களின் கடைசியில் இருவரும் முறையாகத் திருமணம் செய்துகொண்டார்கள். அந்த இன்னொரு பெண்ணுக்கு இது எவ்வளவு வலித்திருக்கும் என்பதை மறந்துவிட்டு இதைக் காவியக் காதலாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. படப்பிடிப்பில் மட்டும் இல்லை, வாழ்க்கை முழுக்க ஒடோவா அவரை 'சென்செய்' (ஆசிரியர்) என்றும், அவர் இவரை 'ஒடோவா-சான்' என்றும்தான் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

1952 ஏப்ரலில் அமெரிக்க ஆக்கிரமிப்பு முடிந்தது. அதுவரை அணுகுண்டைப் பற்றிப் பேசுவதற்குத் தணிக்கை இருந்தது. தடை விலகிய கையோடு ஷிண்டோ ஹிரோஷிமாவுக்குப் போய்ப் படம் எடுத்து, அதே வருடம் ஆகஸ்ட் 6ஆம் தேதி வெளியிட்டார். ஒசாடா அராடா என்ற கல்வியாளர் தொகுத்த, குண்டுவீச்சில் பிழைத்த பிள்ளைகளின் சொந்த எழுத்துகளை ஆதாரமாகக் கொண்ட 'சில்ட்ரன் ஆஃப் ஹிரோஷிமா'. ஒரு பாலர் பள்ளி ஆசிரியை, தான் சொல்லிக்கொடுத்த குழந்தைகளில் யார் யார் மிஞ்சியிருக்கிறார்கள் என்று தேடிக்கொண்டு வருகிறார். வீடு வீடாகப் போகிறார், அவ்வளவுதான் கதை. ஆனால் எவ்வளவு நேர்த்தியான ஏற்பாடு பாருங்கள்: ஒரு நகரத்துக்கு என்ன நடந்தது என்று யாரும் மேடையேறிச் சொல்ல வேண்டியதில்லை, ஒவ்வொரு கதவைத் தட்டும்போதும் ஒரு பதில் வந்துகொண்டே இருக்கிறது. வழியில், ஒரு காலத்தில் தன் வீட்டில் வேலை செய்த பெரியவரைப் பார்க்கிறார். முகம் வெந்து, பார்வை மங்கி, பிச்சை எடுத்துக்கொண்டிருக்கிறார். அவருக்கு மிஞ்சிய ஒரே சொத்து பேரன். அந்தப் பையனை நான் கூட்டிப் போய் வளர்க்கிறேன் என்று ஆசிரியை கேட்கிறார், நல்லெண்ணத்தோடுதான். கிழவருக்கோ இருக்கிற ஒரே பிடியும் போய்விடும். யாரும் கெட்டவர் இல்லாத ஒரு சூழலில் இவ்வளவு கடினமான ஒரு கேள்வியை வைப்பதற்கு நாடகம் தெரிந்த ஆள் வேண்டும்.

இந்தப் படத்துக்கு ஆதரவு கொடுத்த ஜப்பான் ஆசிரியர் சங்கத்துக்குப் படம் திருப்தியாக இல்லை. கண்ணீர் இருக்கிறது, கோபம் போதவில்லை என்று நினைத்தார்கள், அடுத்த வருடமே வேறொரு இயக்குநரை வைத்து அரசியல் காட்டமாக இன்னொரு ஹிரோஷிமா படம் எடுத்தார்கள். அவர்கள் சொன்னதில் ஓரளவு நியாயம் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. இசை சில இடங்களில் நம் கையைப் பிடித்து அழு அழு என்கிறது. ஆனாலும் ஏழே வருடம் ஆறிய புண்ணின் மேல், இடிபாடு இன்னும் அள்ளப்படாத அதே தெருக்களில், அந்த ஊர்ப் பக்கத்துப் பிள்ளையே போய் நின்று எடுத்த படம் இது. 1959இல் பிகினி தீவு ஹைட்ரஜன் குண்டுச் சோதனையின் சாம்பல் விழுந்த சூரைமீன் படகைப் பற்றி 'லக்கி டிராகன் நம்பர் 5' எடுத்தார். வயர்லெஸ் இயக்குபவரான குபோயாமா அய்கிச்சி 1954 செப்டம்பரில் இறந்ததோடு முடியும் உண்மைச் சம்பவம். படம் ஓடவில்லை. கம்பெனி கடனில் மூழ்கியது.

இனி கடையை மூடிவிடலாம், மூடுவதற்கு முன்னால் நமக்குப் பிடித்த மாதிரி ஒன்றே ஒன்று எடுத்துவிடலாம் என்று எடுத்ததுதான் 'தி நேக்கட் ஐலேண்ட்', 1960. செலவு சுமார் 50 லட்சம் யென், அந்தக் காலத்து வழக்கமான பட்ஜெட்டோடு ஒப்பிட்டால் ஒன்றும் இல்லாத தொகை. ஹிரோஷிமா மாகாணத்தில் மிஹாராவுக்கு எதிரே உள்நாட்டுக் கடலில் இருக்கும் சுகுனே என்ற ஆளில்லாத குட்டித் தீவு, பக்கத்துத் தீவில் தங்கல், கைவிரல்களில் எண்ணி முடிக்கிற அளவுக்குத்தான் ஆட்கள். நடிகர்கள் ஒடோவாவும் டோனோயாமாவும், பிள்ளைகள் இரண்டு பேரும் உள்ளூர்ச் சிறுவர்கள். டோனோயாமா அப்போது குடித்துக் குடித்து ஈரல் கெட்டுப்போன நிலையில் இருந்தார். தீவில் குடிக்க எதுவும் கிடைக்காததால் படப்பிடிப்பு முடிவதற்குள் உடம்பு தேறிவிட்டது.

கதை என்று பார்த்தால் ஒரு வரி. தீவில் நல்ல தண்ணீர் கிடையாது. கணவனும் மனைவியும் பக்கத்துத் தீவுக்குத் துடுப்புப் போட்டுப் போய், மர வாளிகளில் தண்ணீர் நிரப்பி, காவடித்தண்டில் இரண்டு பக்கமும் தொங்கவிட்டுச் செங்குத்தான மேட்டில் ஏறிப் பயிருக்கு ஊற்றுகிறார்கள். ஊற்றிய மறுநொடி மண் அதைக் குடித்துவிடுகிறது. திரும்பவும் படகு. பாரம் தூக்கித் தோள் வளைவதும், கால் விரல்கள் சரிவில் பிடிப்புத் தேடுவதும், ததும்பும் வாளியை இடுப்பை அசைத்துச் சமன் செய்வதும் குரோடா கியோமியின் கேமராவில் அத்தனை பக்கத்தில் தெரிகிறது. ஹயாஷி ஹிகாருவின் இசை ஒரே மெட்டைத் திரும்பத் திரும்பக் கொண்டுவருகிறது.

இதில் இரண்டு இடங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். முதல் பாதியில் மனைவிக்கு மேடேறும்போது கால் இடறி ஒரு வாளி கவிழ்ந்துவிடுகிறது. கணவன் தன் பாரத்தை நிதானமாக இறக்கி வைத்துவிட்டு வந்து அவளைக் கன்னத்தில் ஓங்கி அறைகிறான். அவள் விழுகிறாள், எழுந்து வேலையைத் தொடர்கிறாள். பார்க்கிற நமக்கு அவன் மேல் வெறுப்பு வருகிறது. கூடவே, ஒரு வாளித் தண்ணீர் அந்தத் தீவில் என்ன விலை என்பதும் அந்த ஒரே அறையில் புரிந்துவிடுகிறது. பிறகு பிள்ளைகள் பெரிய மீன் ஒன்றைப் பிடிக்கிறார்கள், அதை விற்கக் குடும்பமே நகரத்துக்குப் போகிறது, ஒரு நாள் சந்தோஷம். அப்புறம் மூத்தவன் காய்ச்சலில் விழுகிறான். அப்பன் ஓடிப் போய் மருத்துவரைத் தேடிக் கூட்டிவருவதற்குள் உயிர் போய்விடுகிறது. அடக்கம் முடிந்து மறுபடியும் தண்ணீர் சுமக்கிறார்கள். நடுவில் அவள் நின்று, வாளியைத் தானே தூக்கிக் கவிழ்க்கிறாள், பயிரைப் பிடுங்கி எறிகிறாள், மண்ணில் விழுந்து கதறுகிறாள். முன்பு தவறி விழுந்த வாளிக்கு அறைந்தவன், இப்போது வேண்டுமென்றே கொட்டியதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். கை ஓங்கவில்லை, கிட்ட வந்து தேற்றவும் இல்லை. கொஞ்ச நேரம் பார்க்கிறான், திரும்பித் தன் வாளியிலிருந்து பயிருக்கு ஊற்றுகிறான். அவளும் எழுந்து வந்து ஊற்ற ஆரம்பிக்கிறாள்.

முதல் அறை இல்லாவிட்டால் இரண்டாவது மௌனத்துக்கு ஒரு மதிப்பும் இல்லை. அந்த ஆள் மனம் எப்படி மாறியிருக்கிறது, அவனுக்கும் எவ்வளவு வலிக்கிறது என்பதைச் சொல்ல ஒரு வரி வசனமும் தேவைப்படவில்லை, ஏனென்றால் அதற்கான கணக்கு ஒரு மணி நேரத்துக்கு முன்னாலேயே எழுதி வைக்கப்பட்டாயிற்று. இது படத்தொகுப்பில் தற்செயலாக வந்து விழுகிற விஷயம் இல்லை, மேசையில் உட்கார்ந்து யோசித்து எழுதுகிறவன் செய்கிற வேலை. மிசோகுச்சி அன்றைக்கு இது வெறும் கதை என்று சொன்னாரே, கதைக்கும் திரைக்கதைக்கும் நடுவில் இருக்கிற தூரம் இந்த இரண்டு வாளிகளுக்கு நடுவில் இருக்கிற தூரம்தான் என்று நான் நினைக்கிறேன். 1961இல் மாஸ்கோ விழாவில் இந்தப் படம் பெரும்பரிசைப் பகிர்ந்துகொண்டது, 60க்கும் மேற்பட்ட நாடுகளுக்கு விற்றது, கம்பெனி கடனிலிருந்து மீண்டது. மொழியே இல்லாத படத்துக்கு மொழிபெயர்ப்புப் பிரச்சினையும் இல்லை அல்லவா.

'ஓனிபாபா' (1964) பற்றி ஏற்கெனவே நிறையப் பேர் எழுதிவிட்டார்கள் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். போர் நடக்கும் 14ஆம் நூற்றாண்டு, வழி தவறி வரும் சாமுராய்களைக் கொன்று கவசத்தை விற்றுப் பிழைக்கும் மாமியாரும் மருமகளும், ஒரு பேய் முகமூடி. சிபா மாகாணத்தின் இன்பா சதுப்பு நிலத்தில் குடிசை போட்டுத் தங்கி எடுத்தார்கள். முகமூடியைப் பிய்த்து எடுத்த பிறகு தெரியும் வெந்த முகத்தை அணுகுண்டில் பாதிக்கப்பட்டவர்களின் முகத்தை நினைத்தே அவர் வடிவமைத்தார். பயப்படுவதற்காகப் படத்தைப் போட்டவர்களைக்கூட ஹிரோஷிமாவுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறார். இங்கேயும் பசி, உடம்பு, உழைப்பு என்று பார்த்தால் 'தி நேக்கட் ஐலேண்ட்' குடும்பத்துக்கு உறவுக்காரர்கள்தான் இந்தப் பெண்களும்.

1975இல் மிசோகுச்சியைப் பற்றி ஒரு நீண்ட ஆவணப்படம் எடுத்தார். அவரோடு வேலை செய்த நடிகர்கள், எழுத்தாளர்கள், தொழில்நுட்பக் கலைஞர்கள் என்று ஒவ்வொருவரையும் தேடிப் போய்ப் பேச வைக்கிறார். தன்னை அவமானப்படுத்திய குருவைப் பழிதீர்க்கும் படமும் இல்லை, பூப்போட்டுக் கும்பிடும் படமும் இல்லை. நடிகை டனாகா கினுயோவிடம் மிசோகுச்சிக்கு உங்கள் மேல் காதல் இருந்ததே என்று விடாமல் கேட்கும் இடம் சங்கடமானது, ஆனால் அந்த அம்மா எவ்வளவு கம்பீரமாகப் பதில் சொல்கிறார்! எழுத்தாளனுக்கே உரிய, மனிதர்களைப் பற்றித் தெரிந்தே ஆக வேண்டும் என்கிற பிடிவாதம் அதில் இருக்கிறது.

ஒடோவாவுக்குக் கல்லீரல் புற்றுநோய் என்று தெரியவந்தபோது ஷிண்டோவுக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. அவரை வைத்து 'எ லாஸ்ட் நோட்' எடுத்தார். கோடைக்கால வீட்டுக்கு வரும் வயதான நடிகையாக சுகிமுரா ஹாருகோ, வீட்டைப் பார்த்துக்கொள்பவராக ஒடோவா. 1994 டிசம்பரில் ஒடோவா இறந்தார், படம் அடுத்த வருடம் வெளியானது, அந்த வருடத்தின் முக்கியமான ஜப்பானிய விருதுகளை எல்லாம் வாரிக்கொண்டது. சாவைப் பற்றிய படம்தான், ஆனால் ஒரு இடத்தில்கூடப் புலம்பல் இல்லை.

அப்புறம் கடைசிப் படம். 2010இல், 98 வயதில், சக்கர நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு இயக்கிய 'போஸ்ட்கார்ட்'. நூறு பேர், சீட்டுக் குலுக்கல், மிஞ்சிய ஆறு பேர் என்ற தன் சொந்தக் கதையை அப்போதுதான் நேருக்கு நேர் கையில் எடுத்தார். சீட்டு விழுந்து பிலிப்பைன்ஸுக்குப் போகும் ஒருவன் தன் மனைவி அனுப்பிய அஞ்சலட்டையைச் சக வீரனிடம் கொடுத்து, நீ பிழைத்தால் இதைப் படித்தேன் என்று அவளிடம் சொல் என்கிறான். இவன் பிழைக்கிறான், தேடிப் போகிறான். படத்தில் எனக்கு மறக்காதது வேறொரு இடம். ஒரு ஏழைக் குடியானவன் வீட்டு வாசல், கேமரா அசையாமல் நிற்கிறது. கொடி பிடித்து, வாழ்த்துக் கோஷம் போட்டு அந்த வீட்டு மகனைப் போருக்கு வழியனுப்புகிறார்கள். அடுத்து, அதே வாசல், அதே கோணம், வெள்ளைத் துணி சுற்றிய பெட்டி திரும்பி வருகிறது. விதவையானவளைக் கணவனின் தம்பிக்குக் கட்டி வைக்கிறார்கள். அவனையும் அதே வாசலில் வழியனுப்புகிறார்கள், அவனும் பெட்டியாகத் திரும்புகிறான். இரண்டாவது வழியனுப்பலில் கோஷம் எழும்போது நமக்கு அடுத்து வரப்போவது தெரிந்துவிடுகிறது, தெரிந்தும் ஒன்றும் செய்ய முடியாமல் உட்கார்ந்திருக்கிறோம். ஐம்பது வருடத்துக்கு முன்னால் இரண்டு வாளிகளை வைத்துச் செய்ததைத்தான் இங்கே ஒரு வாசலை வைத்துச் செய்கிறார். டோக்கியோ விழாவில் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசு கிடைத்தது. 2012 மே 29ஆம் தேதி, நூறு வயது நிறைந்த மறு மாதம், இறந்தார்.

அவர் எடுத்த எல்லாமே உயர்ந்தவை என்று சொல்ல மாட்டேன். எழுபதுகளில் சில படங்கள் உரக்கக் கத்துகின்றன, காமத்தையும் வன்முறையையும் அளவு மீறிப் போட்டுக் குழப்பிக்கொண்டவை உண்டு. வருடத்துக்கு ஒன்று என்று எழுதியும் எடுத்தும் தள்ளுகிற ஆளிடம் இது நடக்கத்தான் செய்யும், அதற்காக அவரை ஒதுக்குவதில் அர்த்தமில்லை.

இவரைப் புதிதாகப் பார்க்க ஆரம்பிக்கிறவர்கள் 'ஓனிபாபா'வில் தொடங்காதீர்கள், அது நல்ல படம்தான், ஆனால் அதன் அழகு கண்ணைப் பறித்து எழுத்தை மறைத்துவிடும். முதலில் 'போஸ்ட்கார்ட்', அப்புறம் 'சில்ட்ரன் ஆஃப் ஹிரோஷிமா', மூன்றாவதாக 'தி நேக்கட் ஐலேண்ட்'. திரைக்கதை எழுதப் பழகுகிறவராக இருந்தால் மூன்றாவது படத்தை இன்னொரு முறை போட்டு, ஒரு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, தண்ணீர் சிந்தும் ஒவ்வொரு இடத்தையும், அப்போது யார் யாரைப் பார்க்கிறார்கள் என்பதையும் வரிசையாக எழுதிப் பாருங்கள்.